களைக்கொல்லியும் கைநடுக்கமும்

நடுக்குவாதம் என்று தமிழில் வழங்கும் பார்க்கின்சன் நோயைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். லண்டனில் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த அவர், 1817இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் ஆறு பேரின் நிலை விவரிக்கப்பட்டிருந்தது. சும்மா இருக்கும்போதும் நடுங்கும் கை, முன்னோக்கி வளைந்த உடல், அடியெடுத்து வைத்ததும் ஓட்டமாக மாறிவிடும் நடை என்று அவர் குறித்தவை இன்றைக்கும் பொருந்துகின்றன. காரணம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. 1919இல் பாரிஸில் திரெத்தியாகோஃப் என்ற ஆய்வாளர், இந்நோயாளிகளின் நடுமூளையில் கரும்பொருள் என்னும் சிறு பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகிவிச், அந்தப் பகுதியின் செல்கள் சுரக்கும் டோபமைன் இவர்கள் மூளையில் வெகுவாகக் குறைந்திருப்பதை அளந்து காட்டினார். எந்தச் செல்கள் சாகின்றன என்பது இவ்வாறு தெரியவந்தது. அவை ஏன் சாகின்றன என்பது தெரியவில்லை.

நோயின் மருந்தான லெவோடோபா 1960களில் வந்தது. பூனைக்காலி விதையில் இந்தப் பொருள் இருப்பதை, 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள். மருந்து நடுக்கத்தைக் குறைத்தது, உடம்பின் இறுக்கத்தைத் தளர்த்தியது. செல்களின் சாவை அது நிறுத்தவில்லை. ஆகவே காரணத்தைத் தேடும் அவசரம் குறையவே இல்லை. 1837இலேயே ஜான் கூப்பர் என்ற மருத்துவர், மாங்கனீசுத் தூள் அரைக்கும் ஸ்காட்லாந்துத் தொழிலாளர்களிடம் இதைப் போன்ற தள்ளாட்டத்தைக் கண்டு எழுதியிருந்தார். வெளியிலிருந்து உடலுக்குள் போகும் ஒன்று இப்படிச் செய்யக்கூடும் என்பதற்கு அது ஒரு பழைய சான்று. ஆனாலும் அதைத் தொழிற்சாலை நோயாக ஒதுக்கிவைத்தார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த நோய் முதுமையோடு வரும் ஒன்றாகவே கருதப்பட்டது.

அந்த எண்ணத்தைக் குலைத்தது 1982இல் கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் நடந்த ஒரு விபரீதம். நாற்பத்திரண்டு வயது ஆண் ஒருவர் பேச முடியாமல், அசைய முடியாமல், சிலைபோல உறைந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். முதலில் அது மனநோய் என்று நினைத்தார்கள். சான்டா கிளாரா பள்ளத்தாக்கு மருத்துவ மையத்தின் நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் பார்த்தபோது, கடுமையான, முற்றிய நடுக்குவாதம் போலத் தெரிந்தது. இதே நிலையில் வேறு சிலரும் அப்பகுதியில் அகப்பட்டார்கள். அனைவரும் இளம் வயதினர் அல்லது நடுவயதினர். அனைவரும் யாரோ கள்ளத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள். தயாரிப்பில் நேர்ந்த பிழையால் அந்தத் தூளில் எம்.பி.டி.பி. என்ற வேறொரு பொருள் கலந்திருந்தது. லாங்ஸ்டன் குழுவின் கட்டுரை 1983இல் சயன்ஸ் இதழில் வந்தது. பல ஆண்டுகளில் வரவேண்டிய நோயைச் சில நாட்களில் உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள் கைக்குக் கிடைத்துவிட்டது.

எம்.பி.டி.பி. எப்படி வேலை செய்கிறது என்பதை அடுத்த சில ஆண்டுகளில் ஆய்வகங்கள் படிப்படியாகக் கண்டுபிடித்தன. அது மூளைக்குள் எளிதாக நுழைகிறது. அங்குள்ள ஒரு நொதி அதை எம்.பி.பி. பிளஸ் என்ற அயனியாக மாற்றுகிறது. டோபமைனைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ள நரம்புச் செல் வைத்திருக்கும் வாசல் வழியாகவே இந்த அயனியும் உள்ளே போய்விடுகிறது. மற்றச் செல்கள் தப்பிக்க, டோபமைன் செல்கள் மட்டும் மாட்டிக்கொள்வது இதனால்தான். உள்ளே போனதும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கட்ட இயக்கத்தை அது அடைக்கிறது. ஆற்றலின்றிச் செல் இறக்கிறது.

வேதியியலாளர்கள் எம்.பி.பி. பிளஸின் கட்டமைப்பைப் பார்த்ததும் திடுக்கிட்டார்கள். அது உலகெங்கும் விற்கப்பட்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு நெருங்கிய உறவு. அது மட்டுமல்ல, எம்.பி.பி. பிளஸே 1960களில் சைபர்குவாட் என்ற பெயரில் களைக்கொல்லியாகச் சோதிக்கப்பட்டிருந்தது. வயல்களில் தெளிக்கப்படுபவற்றின் மீது நரம்பியல் மருத்துவர்களின் பார்வை திரும்பியது அப்போதுதான்.

பாராகுவாட்டின் வரலாறு அதற்கு நூறாண்டு முன்பே தொடங்குகிறது. 1882இல் அது ஆய்வகத்தில் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. எலக்ட்ரானைப் பெற்றால் நீலமாகிவிடும் என்பதால், 1930களில் வேதியியலாளர்கள் அதை மெத்தில் வயலஜன் என்ற பெயரில் நிறங்காட்டியாகப் பயன்படுத்தினார்கள். 1955இல் இங்கிலாந்தில் ஜீலட்ஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் அதன் களைகொல்லும் குணம் தெரியவந்தது. 1962இல் கிராமக்சோன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

விவசாயிகளையும் தோட்ட முதலாளிகளையும் அது உடனே கவர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. பச்சை இலையில் ஒளிச்சேர்க்கையின்போது ஓடும் எலக்ட்ரான்களைப் பாராகுவாட் பறித்து ஆக்சிஜனிடம் கொடுத்துவிடுகிறது. அதனால் பிறக்கும் சூப்பராக்சைடு செல் சவ்வுகளை அரிக்கிறது. காலையில் தெளித்தால், வெயிலில் சில மணி நேரத்திலேயே களை வாடத் தொடங்கும். மண்ணில் பட்டதும் களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொண்டு செயலற்றுப்போகும். ஆகவே சில நாட்களிலேயே அதே நிலத்தில் விதைக்கலாம். பட்டை முற்றிய மரத்தண்டை அது பாதிப்பதில்லை. தேயிலை, ரப்பர், எண்ணெய்ப்பனை, பழத்தோட்டம் என்று வரிசை வரிசையாக மரமும் செடியும் நிற்கும் இடங்களுக்கு இதைவிடத் தோதான களைக்கொல்லி அன்று இல்லை. உழாமல் விதைக்கும் முறை அமெரிக்காவில் பரவியதிலும் அதற்குப் பங்கு உண்டு.

மறுபக்கம், ஒரு வாய் அளவு உள்ளே போனாலே மனிதரைக் கொன்றுவிடும் நஞ்சு அது. முறிவு மருந்து கிடையாது. நுரையீரல் நார்நாராக இறுகி, நாட்கணக்கில் மூச்சுத் திணறிச் சாவு வரும். விபத்தாகக் குடிப்பதைத் தடுக்க நீல நிறமும் கெட்ட வாடையும் வாந்தி வரவழைக்கும் பொருளும் பின்னாளில் சேர்க்கப்பட்டன. குடித்தவர்களின் சாவு கண்முன் நின்றதால், பாராகுவாட்டின் ஆபத்து என்றாலே அந்தச் சாவுதான் என்றாகிவிட்டது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் சிறிது சிறிதாக, ஆண்டுக்கணக்கில் போவது என்ன செய்யும் என்ற கேள்வி எழுவதற்கே இருபது ஆண்டுகள் பிடித்தன. இந்த வரலாற்றில் மிகுந்த வருத்தம் தரும் பகுதி இதுதான்.

கேள்வியை முதலில் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் மொன்றியால் நகரின் நரம்பியல் மருத்துவர் ஆந்த்ரே பார்போ. கியூபெக் மாநிலத்தின் கிராமப்புறங்களை ஆற்றுப் படுகை வாரியாகப் பிரித்து, எங்கே நோயாளிகள் அதிகம் என்று அவர் குழு கணக்கிட்டது. காய்கறிச் சாகுபடியும் மருந்தடிப்பும் மிகுந்த பகுதிகளில் நோயும் மிகுந்திருந்தது. 1986இல் பார்போ இறந்தார். அந்த ஆய்வு 1987இல் அச்சில் வந்தது. இதே காலத்தில் கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் அலி ராஜ்புத் குழு, இளம் வயதிலேயே நோய் வந்தவர்களின் பிறப்பிடங்களைத் தேடியது. அவர்களில் பெரும்பாலோர் கிராமங்களில் கிணற்றுநீர் குடித்து வளர்ந்தவர்கள். இவை எதையும் நிரூபிக்கவில்லை. கிராமத்தில் மருந்தைத் தவிரவும் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை இவை சொல்லின.

அடுத்த சான்று வேரிலிருந்து வந்தது. தென்கிழக்கு ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் பழங்குடியினர் சில கொடிகளின் வேரை நசுக்கி ஓடையில் கலந்து மீன் பிடிப்பார்கள். மலாயாவில் அதற்கு தூபா என்று பெயர். அங்கிருந்த சீனத் தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காய்கறிப் பூச்சிக்கு அதைப் பயன்படுத்தினார்கள். அதன் சாரமான ரொட்டினோன், தாவரத்திலிருந்து வருவது என்பதால் இயற்கையானது, தீங்கற்றது என்ற பெயரோடு வீட்டுத் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. எம்.பி.பி. பிளஸ் அடைக்கும் அதே மைட்டோகாண்ட்ரியா இயக்கத்தைத்தான் ரொட்டினோனும் அடைக்கிறது. 2000ஆம் ஆண்டு அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில் திமோத்தி கிரீனமயர் குழு, எலிகளின் இரத்தத்தில் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக ரொட்டினோனைச் செலுத்தியது. உடல் முழுவதும் சென்ற நஞ்சு, குறிப்பாகக் கரும்பொருளின் டோபமைன் செல்களைச் சிதைத்தது. மனித நோயாளிகளின் செல்களில் காணப்படும் புரதத் திரளைகள் போன்றவையும் அந்த எலிகளில் தோன்றின. இயற்கையிலிருந்து வந்ததென்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை அரிது.

ஆயினும் எலி எலிதான். வயலில் நின்ற மனிதருக்கு எவ்வளவு மருந்து பட்டது என்பதை அளப்பது எப்படி? நோய் வெளித்தெரிவதற்குள் கரும்பொருளின் டோபமைன் செல்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. அதற்குப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். நடுங்கும் கையோடு வரும் எழுபது வயதுக்காரரிடம், நாற்பது வயதில் எந்த மருந்தை எத்தனை முறை அடித்தீர்கள் என்று கேட்டால் சரியான விடை வருவது அபூர்வம். நோயுற்றவர் காரணம் தேடிப் பழையதைத் துழாவுவார். நோயற்றவர் மறந்திருப்பார். இந்த ஒரு சிக்கலே பல ஆய்வுகளைச் செல்லாக்காசாக்கியது.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு வழி இருந்தது. நடுக்குவாதத்தை மனத்தில் வைத்து யாரும் அதை உண்டாக்கவில்லை. கட்டுப்படுத்தப்பட்ட பூச்சிக்கொல்லிகளை யார், எங்கே, எவ்வளவு தெளித்தார்கள் என்பதை மாவட்ட வேளாண் அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அங்கே இருந்தது. 1974 முதலான பதிவுகள் ஆய்வாளர்கள் கையாளும் வடிவில் உள்ளன. 1990 முதல் வேளாண்மையில் பயன்படும் எல்லாப் பூச்சிக்கொல்லிகளுக்கும் அது கட்டாயமானது. ஒவ்வொரு பதிவிலும் மருந்தின் பெயர், அளவு, பயிர், தேதி, ஒரு சதுர மைல் அளவுக்குத் துல்லியமான இடம் எல்லாம் உண்டு. நில அளவைப் படங்களோடு இவற்றைப் பொருத்தினால், ஒரு குறிப்பிட்ட வீட்டைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட ஆண்டில் என்ன தெளிக்கப்பட்டது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். யாருடைய நினைவையும் நம்ப வேண்டியதில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேயாட்டே ரிட்ஸ் தலைமையிலான குழு இதைத்தான் செய்தது. திராட்சையும் பருத்தியும் பாதாமும் தக்காளியும் விளையும் மத்தியப் பள்ளத்தாக்கின் ஃபிரெஸ்னோ, டுலாரே, கெர்ன் ஆகிய மூன்று மாவட்டங்களில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 368 பேரையும், அதே பகுதியில் நோயற்ற 341 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் குடியிருந்த முகவரிகளை ஆண்டுவாரியாகச் சேகரித்து, பதிவேட்டோடு பொருத்தினார்கள். 2009இல் வந்த முடிவு இது: வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பாராகுவாட்டும், மேனெப் என்ற பூஞ்சணக்கொல்லியும் தெளிக்கப்பட்டிருந்தால், நோய் வரும் வாய்ப்பு 75 சதவீதம் கூடியிருந்தது. அறுபது வயதுக்குள் நோய் வந்தவர்களை மட்டும் பார்த்தால் இன்னும் தீவிரம். 1974 முதல் 1989 வரையிலான காலத்தில் இரண்டில் ஒன்று பட்டவர்களுக்கு இரு மடங்குக்கு மேல், இரண்டும் பட்டவர்களுக்கு நான்கு மடங்குக்கு மேல்.

இந்த எண்களில் அழுத்தமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்கில் வந்தவர்கள் மருந்தடித்தவர்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த வயல்களின் அருகே வீடு இருந்தது, அவ்வளவுதான். காற்றில் வந்த தூறல் போதுமாயிருந்தது. மேனெப்பில் மாங்கனீசு இருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் அரைவை ஆலையில் கூப்பர் கண்ட அதே உலோகம், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தக்காளி வயலின் மருந்தில் இருந்தது. நஞ்சு ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து அனுமதி தரும் வழக்கம், அவை சேர்ந்து வரும்போது நடப்பதைக் கவனிப்பதில்லை. வயலில் அவை சேர்ந்துதான் வருகின்றன.

பதிவேட்டைப் போலவே எதிர்பாராமல் கிடைத்த இன்னொரு சான்று ஹவாயில் உண்டு. அங்கே ஓவாகு தீவில் ஹெப்டாகுளோர் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த அன்னாசி இலைகளை நறுக்கிக் கறவை மாடுகளுக்குத் தீவனமாகப் போட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் பாலில் அது கலந்திருப்பது தெரிந்தது. அதே தீவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களின் உடல்நிலையைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்துவந்த ஓர் ஆய்வு இருந்தது. அவர்கள் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, நடுவயதில் நிறையப் பால் குடித்த, புகைபிடிக்காத ஆண்களின் கரும்பொருளில் நரம்புச் செல்கள் குறைந்திருந்தன. ஹெப்டாகுளோரின் எச்சமும் அப்படிப்பட்டவர்களின் மூளைகளில் கூடுதலாகக் காணப்பட்டது. இது 2016இல் வெளிவந்தது. முன்னதாக 1994இல், நோயாளிகள் இருபது பேரின் மூளைகளில் ஆறில் டில்டிரின் என்ற பூச்சிக்கொல்லி கண்டெடுக்கப்பட்டிருந்தது. ஒப்புநோக்க எடுத்த நோயற்றவர்களின் மூளைகளில் ஒன்றில்கூட அது இல்லை.

அயோவா, வட கரோலினா மாநிலங்களின் விவசாயக் குடும்பங்களில் 1993இல் தொடங்கிய வேளாண் நலன் ஆய்வு, ஏறத்தாழ 90,000 பேரைப் பின்தொடர்கிறது. அதிலிருந்து எடுத்த நோயாளிகளை கேரோலைன் டேனர் குழு நேரில் சோதித்து 2011இல் எழுதிய கட்டுரை, பாராகுவாட் கையாண்டவர்களுக்கும் ரொட்டினோன் கையாண்டவர்களுக்கும் நோய் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்றது. ஆனால் அதே மக்களிடம் பின்னர் செய்த, இன்னும் பெரிய ஆய்வு 2020இல் வேறு மாதிரிச் சொன்னது. பாராகுவாட்டுக்கும் நோய்க்கும் ஒட்டுமொத்தமாக வலுவான தொடர்பு தெரியவில்லை. தலையில் அடிபட்ட வரலாறு உள்ளவர்களிடம் மட்டும் ஆபத்து கூடியிருந்தது. மருந்தை விற்பவர்கள் இரண்டாவதை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள், எதிர்ப்பவர்கள் முதலாவதை மட்டும். இரண்டும் கணக்கில் வர வேண்டியவை.

எல்லோருக்கும் ஒரே அளவில் ஆபத்து இல்லை என்பது அவற்றைச் சேர்த்துப் படித்தால் விளங்குகிறது. நஞ்சைக் கழிக்கும் நொதி ஒன்றின் மரபணு இல்லாமலே சிலர் பிறக்கிறார்கள். பாராகுவாட் கையாண்டவர்களில் அவர்களுக்கு ஆபத்து மிக அதிகம் என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. கையுறை அணிந்து வேலை செய்தவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை என்று 2015இல் இன்னொன்று. மருந்து ஒரே காரணமும் அல்ல. 1988இல் மும்பையின் பார்சி குடியிருப்புகளில் எடுத்த கணக்கில் இந்நோய் ஒரு லட்சத்துக்கு 328 பேர் என்ற அளவில் இருந்தது. அவர்கள் நகரவாசிகள். முதுமையும் மரபும் அங்கே பேசுகின்றன. ஆனால் ஒரு நோய்க்குப் பல காரணங்கள் இருப்பது, தவிர்க்கக்கூடிய காரணத்தை விட்டுவைக்க நியாயம் ஆகாது.

சட்டம் இந்த அறிவின் பின்னால் மெதுவாக நடந்தது. சுவீடன் 1983இலும் சுவிட்சர்லாந்து 1989இலும் பாராகுவாட்டைத் தடைசெய்தன. அவை உடனடி நச்சுத்தன்மைக்காகச் செய்தவை. 2003இல் ஐரோப்பிய ஆணையம் ஒன்றியம் முழுவதற்கும் அதை அனுமதித்தது. சுவீடன் வழக்குத் தொடுத்தது. டென்மார்க், பின்லாந்து, ஆஸ்திரியா அதனோடு சேர்ந்துகொண்டன. 2007 ஜூலை 11 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அனுமதியை ரத்துசெய்தது. பாராகுவாட்டையும் நடுக்குவாதத்தையும் தொடர்புபடுத்தும் ஆய்வுகள் இருந்தும், ஆணையத்தின் கோப்பில் அவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது நீதிமன்றம் சுட்டிய குறைகளில் ஒன்று. இந்நோயின் பெயர் ஒரு பூச்சிக்கொல்லித் தீர்ப்பில் இவ்வளவு எடையோடு வந்தது அங்கேதான். அதற்குப் பிறகும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஆலையிலிருந்து ஏற்றுமதிக்கான உற்பத்தி தொடர்ந்தது. தன் மண்ணில் தெளிக்கத் தகாதது என்று தீர்ந்ததை வெளிநாட்டுக்கு விற்பதை எந்த வாதமும் நியாயப்படுத்த முடியாது.

பிரான்ஸ் வேறொரு பாதையில் போனது. 2012 மே மாதம் வெளியான அரசாணை, பூச்சிக்கொல்லியால் வரும் நடுக்குவாதத்தை விவசாயத் தொழிலாளர்களின் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பத்தாண்டுகள் மருந்தோடு பழகியவர் என்று காட்டினால் போதும். நோய் அதனால்தான் வந்தது என்று நோயாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை, இழப்பீடு கிடைக்கும். பூஞ்சணக்கொல்லி இடைவிடாமல் தெளிக்கப்படும் திராட்சைத் தோட்டப் பகுதிகளில் இந்நோய் கூடுதலாக இருப்பதைப் பின்னர் வந்த நாடு தழுவிய கணக்கும் காட்டியது. ஜெர்மனியில் 2024இல் மருத்துவ வல்லுநர் குழு இதேபோன்ற அங்கீகாரத்தைப் பரிந்துரைத்தது. பிரேசிலின் சுகாதார ஒழுங்குமுறை அமைப்பு 2017இல் எடுத்த தடை முடிவில் நடுக்குவாதம் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டது. தடை 2020இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலோ சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சான்று போதவில்லை என்று சொல்லி 2021இல் பாராகுவாட்டைத் தொடர அனுமதித்தது. அங்கே ஆயிரக்கணக்கான நோயாளிகள் தொடுத்த வழக்குகள் 2021இல் இல்லினாய் மாநிலத்தின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. தயாரிப்பாளரான சின்ஜென்டா நிறுவனம் இந்தத் தொடர்பை மறுத்துவருகிறது.

பாராகுவாட்டோடு தமிழர் வாழ்க்கை மிக நெருக்கமாகப் பிணைந்த இடம் மலேசியத் தோட்டங்கள். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ப்பனை நட்ட காலத்தில் பால்வெட்டிய குடும்பங்களின் பெண்கள் களைமருந்து அடிக்கும் வேலைக்குப் போனார்கள். முதுகில் சுமக்கும் பம்பில் பாராகுவாட் கரைசலை நிரப்பி, பனை வரிசைகளுக்கு நடுவே நாள் முழுவதும் தெளித்தார்கள். கசியும் பம்பு முதுகை நனைக்கும். வெக்கையில் முகமூடி நிலைக்காது. நகம் கறுத்து உதிர்வதும், மூக்கில் இரத்தம் வருவதும், கண் எரிச்சலும் தோல் புண்ணும் அவர்களிடம் பதிவாகியுள்ளன. ஐரின் பெர்னாண்டஸ் நடத்திய தெனகானிதா அமைப்பு, ஆசியப் பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்புடன் சேர்ந்து 2002இல் இந்தப் பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடைசெய்தது. தோட்டத் துறையின் நெருக்குதலுக்குப் பின் 2006இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1 அன்றுதான் முழுத் தடை வந்தது. 1980களிலும் 1990களிலும் பம்பு சுமந்த பெண்கள் இப்போது நடுக்குவாதம் வரும் வயதில் இருக்கிறார்கள். ஃபிரெஸ்னோவின் வீடுகளுக்கு இருந்ததுபோல அவர்கள் தெளித்ததற்கு ஆண்டுவாரியான பொதுப் பதிவேடு இல்லை.

இலங்கை 2008 தொடங்கி 2011க்குள் பாராகுவாட்டைப் படிப்படியாக ஒழித்தது. நஞ்சருந்தி இறப்போரைக் குறைப்பதே அதன் நோக்கம். மோனோகுரோட்டோபாஸ், எண்டோசல்பான் போன்றவற்றை 1990களிலேயே விலக்கி, தற்கொலை இறப்புகளைப் பாதியாகக் குறைத்த அனுபவம் அந்த நாட்டுக்கு இருந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மருந்தடித்தவர்களுக்கு அந்தத் தடை இன்னொரு நன்மையையும் செய்திருக்கக்கூடும்.

இந்தியாவில் கேரளம் 2011இல் தன் எல்லைக்குள் பாராகுவாட் உள்ளிட்ட சிலவற்றை விலக்கியது. நாட்டளவில் அதற்குப் பதிவு உண்டு. தேயிலை, ரப்பர், காப்பி, பருத்தி உள்ளிட்ட பயிர்களுக்கு அனுமதி தரப்பட்டது. 2023இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு இந்தியாவுக்கு நேராகவே பொருந்துகிறது. அங்குள்ள பதிவேட்டிலிருந்து நோயோடு தொடர்பு தெரிந்த மருந்துகளைப் பிரித்து, நோயாளியின் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த டோபமைன் நரம்புச் செல்கள்மீது அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பத்து மருந்துகள் அந்தச் செல்களை நேரடியாகச் சிதைத்தன. அவற்றில் எண்டோசல்பான், டைகோஃபால், தாமிர சல்பேட் ஆகியவையும் உண்டு. இவை இந்திய வயல்கள் நன்கறிந்த பெயர்கள். கண்ணாடித் தட்டில் நடந்தது மனித மூளையிலும் அப்படியே நடக்கும் என்று கொள்ள முடியாது. ஆனால் தேட வேண்டிய பட்டியல் நீண்டிருக்கிறது.

இந்தியாவின் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் வந்தது. 1958இல் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மாவை உண்டு கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததே அதற்கு வழிவகுத்தது. அதனால் உடனடிச் சாவைத் தடுப்பதே சட்டத்தின் மையம். நச்சுத் தாக்கம் நேர்ந்தால் தெரிவிக்க வேண்டும் என்று மாநில அரசு ஆணையிட அதன் 26ஆம் பிரிவு இடமளிக்கிறது. மாநிலங்கள் தாமாக ஒரு மருந்தை நிறுத்திவைப்பதற்குச் சட்டத்தில் இருப்பது குறுகிய காலத் தடை; தமிழ்நாடு 2023இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தது அந்த வகையில்தான். பூச்சிமருந்துக் கடைகள் இருப்புப் புத்தகமும் விற்பனைக் கணக்கும் வைத்திருக்கின்றன. வாங்கிப்போன மருந்து எந்தச் சர்வே எண்ணில், எந்தத் தேதியில், எத்தனை லிட்டர் தெளிக்கப்பட்டது என்பதை எழுதச் சொல்லும் விதி அந்தச் சட்டத்தில் இல்லை.